பதினோராம் தொட்டியின் ஒன்பது மீன்கள்

ஜூலை 15, 2025. செவ்வாய்

காலை ஏழரைக்கு லேப் திறந்தேன். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. ஆறாம் தொட்டிப் பம்பு முனகுகிறது, இன்னும் ஒரு வாரம் தாங்கும். கோழிமுட்டைப் பெட்டியில் சூடு சரி. தவளைகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். போன வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி மாணவி கலைவாணி மூன்றாக வெட்டிப் போட்ட தட்டைப்புழுவில் நடுத்துண்டுக்குத் தலை முளைக்கிறது. கண் இன்னும் வரவில்லை.

லேப் தலைவர் மதிவாணன் சார் புதிதாகச் சேர்ந்த இரண்டு மாணவர்களை அழைத்து வந்து என்னைக் காட்டினார். "நம்ம ரிஜிஸ்டர் இவருதான். எந்த மீன் எப்ப பொறந்துச்சு, எந்தத் தொட்டியிலேர்ந்து எதுக்குப் போச்சு, எல்லாம் தலையில இருக்கு. நோட்டு தேடாதீங்க, பெரியவரக் கேளுங்க."

எழுபத்தொரு வயதில் இப்படிக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன். மில்லில் இருந்தபோது அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து கற்ற எழுத்து இது. இங்கிலீஷ் வராது. தொட்டியில் ஒட்டிய சீட்டில் நம்பரை மட்டும் படிப்பேன். மிச்சமெல்லாம் ஞாபகம்தான். பதினோரு வருடமாக இந்த லேபில் ஒரு மீன் கூட எனக்குத் தெரியாமல் நகர்ந்ததில்லை.

ஜூலை 19. சனி

விடிந்ததும் வீராம்பட்டினம் போய் வலையில் சிக்கிய கடல் முள்ளுருண்டை ஆறை ஒரு வாளியில் கொண்டுவந்தேன். மீன்காரர்கள் காலில் குத்தும் என்று திட்டிக்கொண்டே தூக்கி எறிவது. லாஸ்பேட்டை லேபுக்கு வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா, "என்னாய்யா இது, குண்டா?" என்று ஒதுங்கியே உட்கார்ந்தாள்.

கலைவாணி ஊசி போட்டுக் கவிழ்த்து வைத்தாள். ஒன்று முட்டை கொட்டியது, ஒன்று பால் கொட்டியது. கலந்து வைத்து ஒரு மணி நேரம் கழித்து, "தாத்தா, வாங்க" என்றாள். மைக்ராஸ்கோப் குழலில் பார்த்தேன். ஓர் உருண்டை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது நடுவில் பள்ளம் விழுந்து இரண்டானது. எத்தனை முறை பார்த்தாலும் மூச்சு நின்றுவிடுகிறது எனக்கு.

"முள்ளுருண்டையும் இப்படித்தான், கோழியும் தவளையும் மீனும் நாமளும் இப்படித்தான் தாத்தா. எது கண்ணு, எது காலுன்னு அப்பறமா பிரிச்சுக்குதுங்க."

"அதுங்களுக்கு எப்படித் தெரியுது?"

"அதுக்குத்தான் ஆறு வருஷமா ஒக்காந்திருக்கேன்."

அவள் வேலை இன்னும் ஒரு படி மேலே. ஒருமுறை பிரிந்து ஆன உடம்பு, வெட்டுப்பட்டால் மறுபடி வளருமா? எங்கள் தொட்டிகளில் வளரும் வரிமீனை மயக்கி, நெஞ்சைத் திறந்து, இதய நுனியில் ஒரு கடுகளவு வெட்டுவாள். இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். நமக்கு வளராது, தழும்புதான் நிற்கும். எனக்கு நெஞ்சுவலி வந்தபோது டாக்டர் படத்தில் காட்டினார் என் தழும்பை. பதினோராம் தொட்டி மீன்களுக்கும் அப்படி. அவற்றின் உடம்பில் ஒரு ஜீனை எடுத்துவிட்டிருக்கிறார்கள், அதனால் வளராது. "பதினொன்னு உங்க பங்காளிங்க தாத்தா" என்று கேலி செய்வாள்.

நான் சிரிப்பேன். இன்று சிரிப்பு வரவில்லை.

ஜூலை 31

மழை இல்லை. வீட்டுக்காரி ஆயம்மாவுக்கு முட்டி வலி.

ஆகஸ்ட் 8. வெள்ளி

லேபில் பப்ஸும் கேக்கும் கொடுத்தார்கள்.

பதினைந்து, பதினாறாம் தொட்டியில் இருப்பவை பதினோராம் தொட்டியின் பேரப்பிள்ளைகள். கலைவாணி இருபத்துநாலு மீனுக்கு இதய நுனியை வெட்டி, இரண்டு மாதம் வளர்த்து, இந்த வாரம் அறுத்துப் பார்த்தாள். ஒன்றுகூட வளர்ந்திருக்கக் கூடாது. பதினைந்து வளர்ந்திருக்கிறது.

நான் எச்சில் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே காது கொடுத்தேன். சார் சொல்கிறார்: "ஜீன் இல்லாமலேயே வளருதுன்னா வேற ஏதோ ஒண்ணு அந்த வேலைய எடுத்துக்குது. இத யாரும் பாத்ததில்ல. தீசிஸ விடு கலைவாணி, இது பெரிய பேப்பர்."

அவள் அழுதுவிட்டாள். ஆறு வருட அழுகை. என்னிடம் வந்து ஒரு கேக் துண்டை வாயில் திணித்தாள். "நீங்க காப்பாத்துன மீனு தாத்தா. அந்தப் புயல்ல நீங்க இல்லன்னா இது ஏது?"

விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியாதே.

ஆகஸ்ட் 9. சனி

இங்கேயாவது எழுது பலராமா.

போன வருடம் நவம்பர் முப்பது, சனி, ஃபெஞ்சல் புயல். லேபில் நான் மட்டும். ஜெனரேட்டர் அறையில் இடுப்பளவு தண்ணீர். காற்றுக் குழாய் எல்லாம் நின்றுபோயிற்று. சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், தண்ணீரில் காற்றுக் கலக்கட்டும் என்று. இருபத்தெட்டுத் தொட்டி, இரண்டு கை.

ஞாயிறு காலை கலைவாணி போன். மூலக்குளத்தில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர், அம்மாவும் அவளும் பக்கத்து வீட்டு மாடியில். வீட்டைப் பற்றிப் பேசவில்லை. "தாத்தா, பதினொன்னு?" நான் அப்போது பதினொன்றைப் பார்க்கவே இல்லை. "ஒண்ணும் ஆவல கண்ணு, எல்லாம் பத்திரம்" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டில் ஒன்பது மேலே மிதந்தது.

ஒரு தொட்டியில் ஐந்துக்கு மேல் செத்தால் காரணம் எழுதித் தர வேண்டும், கமிட்டி வரும், சாருக்குக் கேள்வி வரும். அதெல்லாம் நினைத்தேனா? நினைத்தேன். ஆனால் முதலில் நினைத்தது போனில் சொன்ன வார்த்தையைத்தான். பக்கத்தில் பன்னிரண்டாம் தொட்டி. அதே வயசு, அதே நிறம், ஜீன் எடுக்காத சாதாரண மீன். அதற்கு எண்ணிக்கை கிடையாது. ஒன்பதை வலையில் அள்ளிப் பதினொன்றில் விட்டேன். இருபத்திரண்டு. கணக்கு நேரானது.

தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் பொய். இரண்டும் வேறு வேறு என்று தெரியும். தெரிந்தும், மீன் மீன்தானே என்று அந்தக் கை செய்தது. பிறகு தினமும், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு மாதம்.

முன்பெல்லாம் ஒவ்வொரு மீனுக்கும் வால் நுனியை வெட்டிச் சோதிப்பார்கள், ஜீன் இருக்கிறதா இல்லையா என்று. பதினொன்று முழுக்க ஒரே மாதிரி என்று உறுதியானதும் விட்டுவிட்டார்கள். செலவு மிச்சம். பெரியவர் பார்த்துக்கொள்வார்.

ஆகஸ்ட் 23

சொல்லப் போனேன். அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள், பேப்பருக்கு. "தாத்தா, கடைசியில நன்றின்னு ஒரு எடம் இருக்கு. அதுல உங்க பேரப் போட்டிருக்கேன்" என்று விரலால் காட்டினாள். இங்கிலீஷில் என் பேர். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நீளம் சரியாக இருந்தது.

வந்துவிட்டேன்.

செப்டம்பர் 7. ஞாயிறு

பக்கத்து வீட்டு இராயப்பனிடம் சொன்னேன். பிரான்சு பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவர், எங்கள் முதலியார்பேட்டைத் தெருவில் அவர் பேரே 'சொல்தா', பிரெஞ்சில் சிப்பாய். எல்லாம் கேட்டுவிட்டு வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அன்னிக்கே எழுதி ரப்போர் குடுத்திருக்கணும் மிசியே."

"குடுக்கலியே."

"இன்னிக்குக் குடு."

"அந்தப் பொண்ணு பேப்பர் போயிடுச்சுப்பா. வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அப்ப நாளைக்குக் குடுத்தா இன்னும் கஷ்டம். பட்டாளத்துல ஒரு கக்கூஸ் கழுவுறவன் கூட அன்னன்னைக்கு ரப்போர் குடுப்பான். நீ என்னாடான்னா மண்டையில வெச்சிருக்கேன்னு பெருமை பேசிட்டு திரியிற."

கோபம் வந்தது. அவர் சொன்னது தப்பென்றால் கோபம் வந்திருக்காது.

செப்டம்பர் 22

சொல்லவில்லை.

அக்டோபர் 6. திங்கள்

வெளிநாட்டிலிருந்து பதில் வந்திருக்கிறதாம். பேப்பர் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு கேள்வி: அறுத்த மீன் ஒவ்வொன்றுக்கும் ஜீன் இல்லை என்று தனித்தனியாகச் சோதித்துக் காட்டு.

"அவ்ளோதான் தாத்தா! வாலு துண்டு எல்லாம் ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன். ஒரு வார வேலை."

அவள் பாட்டு முனகிக்கொண்டே கையுறை மாட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தால் அவளே நிறுத்தியிருப்பாள், அவளே எழுதியிருப்பாள், 'எங்கள் மீனில் கலப்பு நடந்துவிட்டது, பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று. நல்ல பேரோடு போயிருக்கும். ஐஸ் டப்பாவைத் தூக்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அக்டோபர் 15. புதன்

வந்துவிட்டது. வளராத ஒன்பதுக்கு ஜீன் இல்லை. வளர்ந்த பதினைந்துக்கும் இருக்கிறது. புதுசாக எதுவும் இல்லை. கலப்பு.

மூன்று முறை திரும்பச் செய்தாள். பிறகு பதினைந்தாம் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணீர் இல்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் வந்து கேட்டார். "யாரு கலந்தது?"

"தெரியல சார்."

"ஜோடி சேத்தது நீதானே? முட்டை எடுத்தது நீதானே? தப்பான தொட்டியிலேர்ந்து எடுத்திருக்க."

"இல்ல சார். தாத்தாகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் எடுத்தேன்." என் பக்கம் திரும்பினாள். "தாத்தா, பதினொன்னுலேர்ந்துதானே எடுத்தோம்?"

"ஆமா" என்றேன். பொய் இல்லை. பதினொன்றிலிருந்துதான் எடுத்தாள்.

அந்த 'ஆமா'வை நாக்கில் வைத்துக்கொண்டே இப்போது எழுதுகிறேன்.

அக்டோபர் 17. வெள்ளி

சார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். நின்றுகொண்டே முழுசையும் சொன்னேன்.

கடைசியில், "ஒக்காருங்க பெரியவரே" என்றார். தண்ணீர் கொடுத்தார். அடிப்பார் என்றிருந்தேன்.

"இத வேற யாருக்கு சொன்னீங்க?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கு. லேப்ல யாருக்கும் இல்ல சார்."

"சொல்லாதீங்க." மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கேளுங்க. செத்த மீன மறைச்சோம், வேற மீன விட்டோம்னு வெளிய போனா இந்த எடத்தையே மூடிடுவாங்க. அஞ்சு பசங்க படிக்கிறாங்க. அந்த ரெண்டு புதுப் பசங்களுக்கு வேற போக்கு கெடையாது. கலைவாணி கவனக்குறைவுன்னா ஒரு அத்தியாயம் போவும். ஒரு வருஷம் கூட ஆவும். அவ்ளோதான். அவ கெட்டிக்காரப் பொண்ணு, எழுந்துக்குவா."

"அவ செய்யலியே சார்."

"தெரியும்." பேனாவை மூடி வைத்தார். "பதினொன்னு, பதினஞ்சு, பதினாறு மூணையும் காலி பண்ணிடுங்க. கலந்துபோன மீனு எதுக்கும் ஆவாது. தீபாவளிக்கு முன்னாடி முடிச்சிடுங்க."

கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 18. சனி

செய்தேன்.

ஐஸ் தண்ணீரில் விட்டால் சில நொடியில் செவுள் நின்றுவிடும். பேரப்பிள்ளைகள் முதலில். கடைசியில் பதினொன்று. அந்த ஒன்பதில் ஏழு இன்னும் உயிரோடு இருந்தது. எனக்கு அடையாளம் தெரியும். ஒன்றுக்கு வாலருகே வரி உடைந்திருக்கும். ஒன்று வயிறு தாழ்ந்தது. இரண்டு எப்போதும் மூலையில் சேர்ந்தே நிற்கும். ஒவ்வொன்றாக வலையில் எடுத்தேன். அவற்றை எடுக்கும்போது மனசு லேசானது. இதை எழுதத்தான் வேண்டும். லேசானது.

பிளீச்சு ஊற்றி மூடி, தொட்டியைக் கவிழ்த்துத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20. தீபாவளி

ஆயம்மா அதிரசம் சுட்டாள். "என்னா, மொகத்த இப்புடி வெச்சிருக்க? சக்கரைன்னு நானே உனக்கு ஒண்ணுதான் வெச்சேன், அதையும் தின்னல."

நவம்பர் 3. திங்கள்

கலைவாணிக்குக் கடிதம் வந்திருக்கிறது. கமிட்டி வைக்கிறார்களாம், பன்னிரண்டாம் தேதி. கவனக்குறைவு என்று மட்டும் இல்லையாம். 'நல்ல முடிவு வரவேண்டும் என்று வேண்டுமென்றே கலந்தாளா' என்றும் கேட்பார்களாம். வெளியிலிருந்து வரும் கமிட்டி. சார் கையில் இல்லை.

சாரிடம் ஓடினேன். "ஒரு அத்தியாயம்தான்னீங்களே சார்." அவர் முகம் வெளுத்திருந்தது. "இது நான் எதிர்பாக்கல பெரியவரே" என்றார்.

ஆயம்மாவிடம் இன்றுதான் சொன்னேன். நாற்பத்தாறு வருடத்தில் அவளிடம் இவ்வளவு நாள் ஒன்றை மறைத்ததில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "போயி சொல்லிட்டு வா. அந்தப் புள்ள என்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள். ஏதோ கடையில் மறந்துவிட்டு வந்த பையை எடுத்துவரச் சொல்வது மாதிரி.

நவம்பர் 12. புதன்

எழுதுகிறேன். இன்றைக்கே எழுதணும்.

கூப்பிடாமலேயே உள்ளே போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா நடுவில். நரைத்த தலை, நல்ல முகம். சார் ஓரத்தில். கலைவாணி எதிரே ஒற்றை நாற்காலியில். கும்பிட்டுவிட்டுச் சொன்னேன். புயல், சொம்பு, போன், ஒன்பது. நாள், நேரம், தொட்டி, எல்லாம் சொன்னேன். கலைவாணி என்னைத் திரும்பிப் பார்த்தபடியே இருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அந்த அம்மா சாரைப் பார்த்தார். சார் மெதுவாகச் சொன்னார்: "வயசானவரு மேடம். அந்தப் பொண்ணு மேல பாசம். புயலுக்கு அப்பறம் இவருக்குக் கொஞ்சம் ஞாபகப் பெசகு. நானே யோசிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

எனக்கா? ஞாபகப் பெசகு எனக்கா?

"அந்த மீனைக் காட்ட முடியுமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லம்மா. காலி பண்ணியாச்சு."

"யார்?"

"நான்தான்."

"எழுத்துல ஏதாவது இருக்கா? அன்னிக்கு எழுதுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கலைவாணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "இருக்கு மேடம்! தாத்தா தெனம் டைரி எழுதுவாங்க. வருஷக்கணக்கா எழுதுறாங்க." அந்த முகத்தில் வெளிச்சம். கேக் ஊட்டிய அன்றைக்கு இருந்த அதே வெளிச்சம்.

மூன்று மணிக்குள் கொண்டுவரச் சொன்னார்கள்.

ஆட்டோவில் வரும்போதே தெரியும் எனக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று. ஞாபகப் பெசகு கிடையாது. டிசம்பர் ஒன்று, ஞாயிறு: 'தண்ணீர் வடிகிறது. மீன் எல்லாம் பத்திரம்.' அவ்வளவுதான். எழுதினால் நிஜமாகிவிடும் என்று நோட்டிடமே பொய் சொல்லியிருக்கிறேன். இந்த வருட நோட்டில் ஆகஸ்டில் எழுதியது இருக்கிறது, ஆனால் அவர்கள் கேட்பது அன்று எழுதியதை, இதைப் பிறகு ஜோடித்தது என்பார்கள்.

வீட்டில் பெட்டியைத் திறந்து போன வருட நோட்டை எடுத்தேன். அந்த வரிக்குக் கீழே இரண்டு விரல் இடம் காலி. நடந்தது நிஜம். நிஜத்தைத்தானே எழுதப் போகிறேன்? யாருக்குக் கெடுதல்? எழுதினேன். 'பதினொன்றில் ஒன்பது செத்தது. பன்னிரண்டிலிருந்து ஒன்பது எடுத்து விட்டேன்.' ஊதி ஊதிக் காயவைத்தேன். ஆயம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னா பண்ற?" என்றாள். "ஒண்ணுமில்ல."

அந்த அம்மா சத்தமாகப் படித்தார். அப்புறம் ஒருமுறை தனக்குள் படித்தார். விரலை நாக்கில் தொட்டு அந்த வரியின் மேல் இழுத்தார். மை நீளமாக இழுபட்டது. மேல் வரியில் தேய்த்தார். அது அசையவில்லை.

"இத எழுதச் சொன்னது யாரு?" என்று அவர் கேட்டார். என்னை இல்லை. கலைவாணியை.

ஐயோ. கணக்கு நேராக இருக்கணும்னு அன்னிக்கு ஒன்பது மீன விட்டேன். இன்னிக்கு ஒரு வரிய விட்டேன். எனக்கு வேற எதுவும் தெரியாதா? எழுபத்தொரு வயசுல இது ஒண்ணுதானா கத்துக்கிட்டேன்?

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சத்தியமா தெரியாதும்மா" என்று கத்தினேன். ஒருவர் என் தோளைப் பிடித்து மெதுவாக வெளியே கொண்டுவந்து விட்டார். மெதுவாகத்தான். பைத்தியக்காரனைப் பிடிப்பது மாதிரி.

நவம்பர் 13. வியாழன்

நேற்று எழுத முடியாமல் விட்டது.

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தேன். ஐந்து மணிக்குக் கலைவாணி வந்தாள். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"நெசமா தாத்தா? ஒன்பது?"

"நெசம்மா."

"நான் போன் பண்ணப்பவே செத்துருந்துதா?"

"பாக்காமத்தான் சொன்னேன். அப்பறம் பாத்தேன்."

தலையை ஆட்டினாள். என்னை நம்பிய ஒரே ஆள் அவள்தான். அவள் நம்பி என்ன ஆகப் போகிறது?

"ஆகஸ்ட்ல சொல்லியிருந்தா," என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "சார்கிட்ட எப்ப சொன்னீங்க?"

"போன மாசம். பதினேழு."

"எனக்கு முன்னாடி சார்கிட்ட."

"லேபுக்கு அவருதானே பெரியவருன்னு..."

"மீனு என்னுது தாத்தா."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதை மாட்டும்போது வார் முடியில் சிக்கி இரண்டு முறை இழுத்தாள். நான் எடுத்துவிடக் கையை நீட்டினேன். ஒரு எட்டு பின்னால் போனாள்.

நவம்பர் 28

முடிவு வந்தது. வேண்டுமென்றே செய்ததற்கு ஆதாரம் இல்லையாம். ஆனால் 'பதிவைத் திருத்தி ஏமாற்ற முயற்சி நடந்தது, அதில் மாணவிக்குத் தொடர்பு உண்டா என்று சொல்ல முடியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். புதிய பையன் ஒருவன் எனக்குத் தமிழில் சொன்னான். தீசிஸிலிருந்து மீன் வேலை முழுவதும் நீக்கம். வேண்டுமானால் முதலிலிருந்து மூன்று வருடம் செய்யலாம், உதவித்தொகை இல்லாமல்.

அவள் மேஜை காலியாக இருக்கிறது. தட்டைப்புழுக் கிண்ணங்களை மட்டும் விட்டுப் போயிருக்கிறாள். யாருக்கும் வேண்டாம் என்றார்கள். தண்ணீர் மாற்றினேன்.

டிசம்பர் 31. புதன்

என்னையும் நிறுத்தியாயிற்று. சால்வை போர்த்தினார்கள். சார் பேசும்போது, "வயசாச்சு, ஓய்வு வேணும், சமீபமா கொஞ்சம் மறதி" என்றார். எல்லோரும் இரக்கமாகப் பார்த்தார்கள். இருபத்தெட்டுத் தொட்டியில் எதில் எத்தனை என்று அங்கேயே வரிசையாகச் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. சொன்னால் யார் சரிபார்ப்பார்கள்? பார்க்க நோட்டு இல்லையே.

கேட்டருகே வந்து சார் என் கையைப் பிடித்தார். "மன்னிச்சிடுங்க" என்றார். எதற்கு என்று இருவருக்கும் தெரியும். கையை விடுவித்துக்கொள்ளவில்லை. எனக்கு என்ன யோக்கியதை?

ஜனவரி 16, 2026

ஆயம்மா இரண்டாம் முறையாக வந்து பார்க்கிறாள், காஸை மூடினேனா என்று. "மூடிட்டேன்டி." "சும்மாதான் பாத்தேன்" என்கிறாள். இவளுமா?

பிப்ரவரி 8. ஞாயிறு

மூலக்குளம் போனேன். கலைவாணியின் அம்மா கதவைப் பாதி திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. "அவ இங்க இல்ல. கடலூர்ல வேலைக்குப் போறா." சுவரில் புயல்தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது, என் முட்டிக்கு மேலே. "நான் வந்தேன்னு சொல்லுங்கம்மா." "சொல்றேன்" என்றார். சொல்வார் என்று தோன்றவில்லை.

மார்ச் 12, 2026. வியாழன்

பதினோரு மணி இருக்கும், போன் அடித்தது. புது நம்பர்.

"தாத்தா, நான் கலைவாணி."

உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா சொன்னாங்க, வந்தீங்கன்னு. ஒரு மாசம் கழிச்சு சொல்றாங்க." சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். "மாத்திரை போடுறீங்களா?"

"போடுறேன். நீ எப்படி இருக்க கண்ணு? எங்க இருக்க?"

"கொழந்தை இல்லாதவங்களுக்கு வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரி. லேப்லதான். மனுஷ முட்டை தாத்தா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் குழல்ல கண்ணு."

"படிப்பு?"

"விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். பிறகு அவளே பேசினாள்.

"இங்க ஒரு கிண்ணத்துலேர்ந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாத்தணும்னா தனியா செய்ய முடியாது தாத்தா. ரெண்டு பேர் நிக்கணும். ஒருத்தர் பேரையும் நம்பரையும் சத்தமா படிக்கணும். இன்னொருத்தர் கிட்ட வந்து பாத்து, சரின்னு சொல்லி, கையெழுத்துப் போடணும். எவ்ளோ பழைய ஆளா இருந்தாலும் சரி. யாரு ஞாபகத்தையும் நம்ப மாட்டாங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. வேலையைச் சொன்னாள். எப்போதும் என்னிடம் சொல்வாளே, அப்படி.

"நல்ல ஏற்பாடும்மா" என்றேன்.

"ஆமா தாத்தா." யாரோ அவளைப் பேர் சொல்லி அழைத்தார்கள். "வெச்சிடறேன். பக்கத்துல நின்னு பாக்குற முறை இன்னிக்கு என்னுது."